இருபத்துமூன்று அங்குல வாசல்

அக்கா வீட்டின் உள்வாசல் இருபத்துமூன்று அங்குலம். அத்தானின் சக்கர நாற்காலி இருபத்தாறு அங்குலம். இந்த மூன்று அங்குலத்துக்காகத்தான் நான் கொழும்பு வெள்ளவத்தையில் என் வேலைக் கந்தோரைப் பூட்டிவிட்டு இங்கிலாந்துக்குப் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. மாளிகையும் பார்க்கவில்லை, மணிக்கூட்டுக் கோபுரமும் பார்க்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் குறை சொல்லக்கூடாது.

நான் பிளான் கீறுகிறவன். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், முப்பத்திரண்டு வருடமாக வீடுகள் கீறிக்கொண்டிருக்கிறேன். ஆறே ஆறு பேர்ச் துண்டுக் காணியில் நாலு மாடி எழும்பி நிற்கிறதென்றால் அது என் மேசையைத் தாண்டிப் போயிருக்கச் சாத்தியம் உண்டு. அத்தான் மட்டும் இதை ஒருநாளும் மதித்ததில்லை. "குணம் எங்க வீடு கீறுறான்? பெட்டியெல்லோ கீறுறான்" என்று என் கலியாண வீட்டிலேயே நாலு பேருக்கு முன்னால் சொன்ன மனிதர். நானும் அதை மறக்கவில்லை.

லண்டனுக்குக் கிழக்கே இரண்டு மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன டவுனில் அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். முப்பது வருடத்துக்கு முன் பக்கத்துக் கிராமத்தில் நானூறு வருடப் பழைய வீடொன்றை ஆசைப்பட்டு வாங்கினார். அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடு. சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். இந்த வைகாசியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. அதோடு இங்கிலீசும் போய்விட்டது. நாற்பது வருடம் வெள்ளைக்காரருக்கு மருந்து விளங்கப்படுத்தியவருக்கு இப்போது தமிழ் மட்டும்தான் வருகிறது, அதுவும் ஒவ்வொரு சொல்லாக.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். வீட்டின் கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை இருக்கிறது, அங்கே வைத்துப் பார்ப்பதென்றால் வீட்டுக்கு விடலாம். ஆனால் நாற்காலி அந்த அறை வாசலால் போகாது. ஒடுக்கமான நாற்காலி வாங்கலாமே என்று கேட்பீர்கள். அத்தானின் இடுப்பைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குள் வழி பிறக்காவிட்டால் அவருக்கு இல்லமே நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, தண்ணி விடாய்க்குதெண்டு அவர் சொன்னால் விளங்கிறதுக்கு அங்க ஒரு சனமில்லை" என்று அக்கா போனில் அழுதாள். அக்கா லேசில் அழுகிறவள் இல்லை. நான் போவதென்று அந்த நிமிடமே முடிவெடுத்தேன்.

முதல் நாள் அந்த வீட்டைக் கண்டதும் எனக்கு வந்த யோசனையை உள்ளபடி சொல்கிறேன்: இடித்துவிட்டுக் கட்டலாம். வைக்கோல் கூரை. வெளுத்த ரோசாப்பூ நிறத்தில் சுண்ணாம்புச் சுவர். மேல்மாடி கீழ்வீட்டைவிட ஒரு முழம் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு தெருவை எட்டிப் பார்க்கிறது. வடக்குப் பக்கம் தாழ்ந்து, தெற்குப் பக்கம் எழும்பி, நடுவில் கூரை தொய்ந்திருந்தது. வெள்ளவத்தையில் இப்படி ஒன்று நின்றால் அயலவர்கள் பெட்டிசம் எழுதியிருப்பார்கள்.

"எப்பிடி அக்கா இதுக்குள்ள முப்பது வருசம் இருந்தனீங்கள்?"

"வந்த உடன வாயைத் திறக்காத. காலைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடு."

புட்டு அவித்து வைத்திருந்தாள். நான் கொண்டுபோன கருவாட்டைப் பொரித்தாள். அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டு மனுஷி வந்து, உங்கள் கழிவுக் குழாயில் ஏதும் பழுதா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். அக்கா அவருக்கு ஒரு துண்டு கேக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டின் உள்ளே ஓக் மரத் தூண்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சுவர் முழுக்க நிற்கின்றன. ஒவ்வொன்றும் என் தொடையின் பருமன். தூண்களுக்கு நடுவே வரிச்சுக் கம்பு கட்டி, மண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். தூண்கள் மேலே ஒரு பெரிய விட்டத்திலும் கீழே தரையோடு கிடக்கிற இன்னொரு விட்டத்திலும் பொருந்தி நிற்கின்றன. சீமெந்து இல்லை, இரும்பு இல்லை. எல்லாம் மரத்தோடு மரம். நல்ல வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் வந்தது அந்த ஒரு வாசலுக்கு. இரண்டு தூணுக்கு நடுவே இருபத்துமூன்று அங்குலம். அக்கா சொன்னது சரிதான்.

இரண்டாம் நாள் காலை அளவு நாடாவை எடுத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் கீழ்த்தளம் முழுக்க அளந்து முடித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குசினி மேசையில் தாளை விரித்து, தேத்தண்ணீர் நேரத்துக்குள் படம் தயார். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. சுவர் கொஞ்சம் கோணலாக நின்றாலும் நேராகவே கீறுவோம். மூலை தொண்ணூறு பாகை. பதினைந்து அடி பத்தே முக்கால் அங்குலம் என்றால் பதினாறு அடி. காணியின் எல்லைதான் முக்கியம், வீட்டுக்குள் வளைவுநெளிவை யார் கேட்கிறார்கள்? அப்படியே கீறி, வாசலின் வலது பக்கத் தூணில் மூன்றரை அங்குலம் செதுக்குவதாகச் சிவப்புப் பேனையால் காட்டினேன். அக்காவிடம் பெருமையாக நீட்டினேன்.

"வடிவாயிருக்கு. எங்கட வீடு மாதிரி இல்லை, ஆனா வடிவாயிருக்கு" என்றாள்.

மூன்றாம் நாள் படத்தோடு அத்தானைப் பார்க்க வெளிக்கிட்டேன். அக்காவுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறதென்று வரவில்லை. தேவாலயத்துக்கு முன்னால் பஸ் வந்தபோது நான் எதிர்க் கடையில் வாங்கின கோப்பியை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். நாக்குச் சுட்டது. சரி, அடுத்ததில் போவோம் என்று விட்டுவிட்டேன். காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸை விட்டால் பின்னாலேயே இன்னொரு நூறு வந்து இடிக்குமே, அந்த நினைப்பு. பிறகுதான் பஸ் நேரப் பலகையைப் பார்த்தேன். அடுத்த பஸ் பின்னேரம் நாலு பத்துக்கு. கோதாரி! நாலு மைல். நடந்தேன். அரைவழியில் மழையும் பிடித்தது. படத்தைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

ஒரு டிராக்டர் பக்கத்தில் வந்து நின்றது. "வழி தவறிவிட்டீர்களா?" என்று ஒரு கிழவர் குனிந்து கேட்டார்.

"இல்லை, பஸ்ஸைத் தவறவிட்டேன்."

"இந்த ஊரில் எல்லோரும் ஒரு தடவை தவறவிடுவார்கள். ஏறுங்கள்."

வழி முழுக்க அவர் உருளைக்கிழங்கைப் பற்றி மட்டும் கதைத்தார். இல்லத்து வாசலில் இறக்கிவிட்டுக் கையைக்கூடக் காட்டாமல் போய்விட்டார்.

அத்தான் ஜன்னலோரம் இருந்தார். ஆறடி மனிதர், நாற்காலியில் சரிந்துபோயிருந்தார். மடியில் ஒரு படத்தாள். தண்ணீர்க் கோப்பை, கழிவறை, போர்வை, நோகிற முகம். எது வேண்டுமோ அதைத் தொட்டுக்காட்ட வேண்டும். நல்ல சுத்தமான இடம், நல்ல பிள்ளைகள், ஒரு குறையும் சொல்லேலாது. ஆனால் என்னைக் கண்டதும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லை. பக்கத்தில் இரண்டு கிழவிகள் கிரிக்கெட் துடுப்பாட்டத்தைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டு, ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"அத்தான், உங்களை வீட்டை கொண்டு போகத்தான் வந்தனான். இஞ்ச பாருங்கோ." படத்தை மடியில் விரித்தேன்.

படத்தை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஆரின்ர வீடு?"

"உங்கட வீடு அத்தான்!"

தலையை ஆட்டிவிட்டுப் படத்தைத் தள்ளிவிட்டார். பாவம், மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அனுமதி கொடுக்கிற அலுவலர் வந்தார். பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான பெண், பெயர் ஹெலன். நாற்பது வயதிருக்கும். அக்கா சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அதிலேயே எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. என் படத்தை வாங்கி, சுவருக்கு முன்னால் பிடித்து, படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வீட்டில் ஒரு நேர்கோடுகூட இல்லை. உங்கள் படத்தில் ஒரு வளைவுகூட இல்லை" என்றார். "இது யாருடைய வீடு?"

எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. அத்தான் கேட்ட அதே கேள்வி. அவருக்கு மூளை ஒன்றும் குழம்பவில்லை. குழம்பியது நான்.

தூணைச் செதுக்கலாமா என்று கேட்டேன். முடியாது. ஒரு அங்குலம்? முடியாது. தூணை எடுத்துவிட்டு அதேமாதிரி புதிதாக ஒன்று? அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சிவப்புப் பேனையை மூடி வைத்தேன். "எனக்கும் கவலைதான்" என்றார். "ஆனால் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் காட்டினால் ஒழிய நான் ஒன்றும் செய்ய முடியாது. இன்னும் பத்து நாளில் மறுபடி வருகிறேன்."

அவர் போனதும் அக்கா மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். "விடடா தம்பி. வந்து பாத்தாய், அது எனக்குக் காணும்" என்றாள்.

"விடுறதோ? இன்னும் பத்து நாள் இருக்கு!" என்று கத்தினேன். அவளில் கோபமில்லை. முப்பத்திரண்டு வருடத் தொழில்காரன், இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பொய்ப் படம் கீறி வைத்திருக்கிறேனே, அந்தக் கோபம்.

ஆறாம் நாள் முதலிலிருந்து தொடங்கினேன். தூண்களின் சாய்வைப் பார்க்கத் தூக்குக்குண்டு இல்லை. அக்காவின் பித்தளை இடியப்ப உரலை நூலில் கட்டி விட்டத்திலிருந்து தொங்கவிட்டேன். அருமையான பாரம், ஆடவே ஆடாது. ஒவ்வொரு தூணுக்கும் கடதாசியில் இலக்கம் ஒட்டினேன். அரை அடிக்கு ஒரு தரம், நூலிலிருந்து தூண் எவ்வளவு விலகுகிறது என்று குறித்தேன். மூலைக்கு மூலை குறுக்காக நாடா பிடித்தேன். அக்கா மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு, "இடியப்பம் அவிக்க வேணும், எப்ப உரலைத் தருவாய்?" என்று முணுமுணுத்தாள். உரல் திரும்பும்வரை கடைப் பாணும் பருப்பும்தான்.

உண்மையைக் கீறுவது லேசில்லை. கை தானாக நேராகப் போகிறது. அழித்து அழித்துக் கீறினேன். மூன்றாம் தூண் வயிறு தள்ளி நிற்கிறது, ஏழாவது காற்றில் சாய்ந்த வாழை. முழங்கால் நொந்தது. இடையில் ஒருநாள் அக்கா வலுக்கட்டாயமாகக் கிராமத்துப் பப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் மீனும் கிழங்குப் பொரியலும் வாங்கித் தந்தாள். பெரிய மீன், உப்பு மட்டும், மிளகாய்த்தூள் ஒரு பொட்டும் இல்லை. "பாவம், இந்த மீன் சும்மா செத்திருக்கு" என்றேன். நான் வந்த நாளிலிருந்து அக்கா அன்றைக்குத்தான் சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் விட்டத்தின் விவரங்களைக் கீற ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு தூணும் மேல் விட்டத்துக்குள் போகிற இடத்தில், விரல் பருமனில் இரண்டிரண்டு மரமுளைகள் அறைந்திருந்தார்கள். முதலாம் தூண், இரண்டு முளை. இரண்டாம் தூண், இரண்டு. மூன்று, நாலு, எல்லாம் அப்படியே. ஐந்தாம் தூணில் முளை இல்லை. துணியால் துடைத்துப் பார்த்தேன். இல்லை. ஆறில் மறுபடி இரண்டு. ஐந்தாம் தூண் எது தெரியுமா? வாசலின் வலது பக்கத் தூண்.

ஏணியிலிருந்து இறங்காமலே நசீர் நானாவுக்கு வாட்ஸ்அப்பில் அடித்தேன். கிராண்ட்பாஸில் பழைய மரம் விற்கிறவர். கொழும்பில் இடிக்கிற பழைய வீடுகளின் நிலை, விட்டம், கதவெல்லாம் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். போனில் தூணைக் காட்டினேன்.

"மத்த எல்லாத்துலயும் முளை ஈக்கி, இதுல மட்டும் இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லை நானா."

"அப்ப அது பொறகு வந்த தூண், குணம் அண்ணே. வீடு கட்டக்குள்ள விட்டத்த ஏத்த முந்தி தூணெல்லாம் கோத்து முளை அடிப்பாங்க. விட்டம் ஏறினத்துக்குப் பொறகு ஒரு தூண உள்ளுக்குக் கோக்க ஏலாது. ஆணிதான் அடிக்கணும். ஆணி ஈக்கா பாருங்க."

பின்பக்கம் விரலை விட்டுத் தடவினேன். இருந்தது. கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். வட்டத் தலை, உருண்டைக் கம்பி ஆணி. எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள ஹாட்வெயார் கடையில் நிறுத்துத் தருகிற அதே சாதி.

"நானா, மிஷின் ஆணி!"

"அல்லாஹ்! அப்ப அது எங்கட வாப்பாட காலத்துத் தூண். கீழ்ப்படியையும் பாருங்க. ஆளுங்க நடந்த எடத்த மரம் மறக்காது."

இறங்கித் தரையில் குப்புறப் படுத்தேன். வாசலின் கீழே கிடக்கிற விட்டம் நடந்து நடந்து தேய்ந்து பள்ளமாக இருந்தது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன், அளக்கவில்லை. இப்போது அளந்தேன். பள்ளம் வாசலோடு நிற்கவில்லை. ஐந்தாம் தூணின் அடியால் போய், அதற்கு அங்கால் சுவரின் கீழும் நீண்டு, ஆறாம் தூண்வரை போனது. சுவருக்குள்ளால் யார் நடப்பார்கள்? அது சுவரே இல்லை, வாசல். நாலாம் தூணிலிருந்து ஆறாம் தூண்வரை முப்பத்தேழு அங்குலம். யாரோ பிற்காலத்தில் குளிருக்கோ என்னத்துக்கோ ஒரு பக்கத்தை அடைத்து, ஒரு தூணை ஆணியடித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

"அக்கா! அக்கா! இஞ்ச ஓடி வாங்கோ!" தரையில் கிடந்தபடி கத்தினேன். நான் விழுந்துவிட்டேனென்று அவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

பத்தாம் நாள் பஸ்ஸுக்கு முக்கால் மணி முந்திப் போய் நின்றேன். புதுப் படத்தை அத்தானின் மடியில் விரித்தேன். அவர் இடது கை விரல் வடக்கு மூலையில் தொடங்கியது. தாழ்ந்த இடத்தில் தாழ்ந்து, வயிறு தள்ளின தூணில் ஒரு கணம் நின்று, ஜன்னலோரமாக ஊர்ந்து, வாசலுக்கு வந்தது.

"எங்கட வீடு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, "நீயோ... கீறினது?"

"ஓம் அத்தான்."

"உனக்கு... கீறவும் வருமே?"

முப்பது வருடக் கணக்கு அதோடு தீர்ந்தது. அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். துடுப்பாட்டக் கிழவிகள் சண்டையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

பதினைந்தாம் நாள் ஹெலன் வந்தார். படத்தைக் கொடுத்து ஏணியைக் காட்டினேன். ஏறி முளைகளைத் தடவினார். ஆணியைப் பார்த்தார். என்னைப்போலவே தரையில் குப்புறப் படுத்துப் பள்ளத்தைப் பார்த்தார். ஐந்தாம் தூணுக்கு அங்கால் பூச்சில் ஒரு சின்னத் துளை போட்டார். உள்ளே வரிச்சும் இல்லை, மண்ணும் இல்லை. பலகையும் அட்டையும்தான். எழும்பித் தூசைத் தட்டிக்கொண்டு மறுபடி என் படத்தைப் பார்த்தார்.

"வீட்டை வெட்ட நான் அனுமதி தரமாட்டேன்" என்றார். "வீட்டுக்கு முதலில் இருந்த வாசலைத் திருப்பிக் கொடுப்பதென்றால் அது வேறு விஷயம். விண்ணப்பம் போடுங்கள். இந்தப் படத்தோடு."

அக்கா அவருக்கு இடியப்பமும் சொதியும் கொடுத்தாள். உரல் அன்றைக்குத்தான் விடுதலையானது. அவர் கையால் சாப்பிடப் பழகி, சொதியை மேசையெல்லாம் சிந்தி, மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

முடிவு வர எட்டுக் கிழமை எடுக்கும். எனக்கு அவ்வளவு நாள் நிற்க முடியாது. கொழும்பில் ஆட்கள் போனில் திட்டத் தொடங்கிவிட்டார்கள். திரும்பி வந்தேன். வெள்ளவத்தையில் இறங்கியதும் முதல் வேலை, அரைவாசியில் விட்டுப்போன ஒரு பழைய வீட்டை மறுபடி போய் அளந்தேன். சொந்தக்காரர், "என்ன மாஸ்டர், போன மாசமும் அளந்தீங்களே?" என்று கேட்டார். "அது வேற ஆள்" என்றேன்.

கார்த்திகை முடிகிற நேரம் அனுமதி வந்தது. ஒரு நிபந்தனை மட்டும்: எடுக்கிற ஐந்தாம் தூணை எறியக்கூடாது, பெயர் எழுதி மேல்மாடியில் வைக்க வேண்டும். அதுவும் வீட்டின் கதையில் ஒரு துண்டாம். தச்சர் ஒரு காலைக்குள் வேலையை முடித்தார். கீழ் விட்டத்தின் மேலால் நாற்காலி ஏறி இறங்க, ஆணி அடிக்காமல் சும்மா வைக்கிற ஒரு சரிவுப் பலகையும் செய்து கொடுத்தார்.

நத்தாருக்கு நாலு நாள் முந்தி, பின்னேரம், மேசையில் வேலையாக இருந்தேன். அக்கா வீடியோவில் வந்தாள். அங்கே மத்தியானம். ஆம்புலன்ஸ்காரர் இருவர் அத்தானை நடைவழியால் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். முப்பத்தேழு என்று நானே அளந்ததுதான். என்றாலும் மேசையில் கிடந்த நாடாவைக் கையில் எடுத்துவிட்டேன். நாற்காலி பலகையில் ஏறியது. இடது பக்கச் சில்லுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை அகல இடைவெளி, வலது பக்கமும் அப்படியே. வாசலுக்கு மேலே உள்ள விட்டம் தரையிலிருந்து ஐந்தே முக்கால் அடி உயரத்தில் போகிறது, நாற்காலியில் இருக்கிறவரின் தலைக்கு மேலே ஒரு அடிக்கு மேல் வெளி. நாற்காலி வாசலைத் தாண்டுகிற நேரம், ஆறடி மனிதர் அத்தான், முப்பது வருடப் பழக்கத்தில் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப கதிரையில இருந்துகொண்டெல்லோ வாறியள், பிறகேனப்பா குனியிறியள்?" என்றாள் அக்கா.

அத்தான் உள்ளே போய்ச் சேரும்வரை தலையை நிமிர்த்தவில்லை. சேர்ந்த பிறகு திரும்பி மேலே பார்த்தார்.

"விட்டத்துக்கு... அது தெரியுமே?" என்றார்.